கூரைக்கு மேலே: மப்பு நாளில் சோலர் என்ன செய்யும்? (வாசகர் கேள்வி – பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். "எங்கள் பக்கம் எப்போதும் மப்பும் மழையும். சோலர் போட்டால் காசு தண்டமாகுமா?"

வெள்ளவத்தையில் என் வீட்டுக் கூரையில் 2018 முதல் 3 கிலோவாட் பனல் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் மாலை ஆறரைக்கு, வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில், இன்வேர்ட்டர் (பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) காட்டும் அன்றைய யூனிட் எண்ணை ஒரு சீஆர் கொப்பியில் குறித்து வைப்பேன். "பிள்ளைகளின் பிறந்தநாள் ஞாபகம் இல்லை, இது மட்டும் தவறாது" என்று மனைவிக்கு ஒரு குறை உண்டு. இந்த முறை பதில் எழுத அந்தக் கொப்பிதான் துணை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டில் நான்கு பேர். கீசரில் குளித்தே கரண்ட் பில் ஏறுகிறது. சூரிய சுடுதண்ணித் தாங்கி போடச் சொல்லி மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். "இந்தப் பனிக்குள் எங்கே வெயில்?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். யார் சொல்வது சரி? கண்ணாடிக் குழாய் வைத்தது நல்லதா, தட்டையானது நல்லதா? — வாசகி, நுவரெலியா

பதில்: தீர்ப்புக்கு முன் ஒரு கணக்கு, ரீச்சர். பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்புங்கள்.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும். 860 கிலோ கலோரி சேர்ந்தால் ஒரு யூனிட் கரண்ட். ஒருவர் குளிக்க 40 பாகைச் சூட்டில் 40 லீற்றர் என்று வைப்போம். நான்கு பேருக்கு 160 லீற்றர். உங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் 15 பாகை அளவில் வரும், ஆகவே 25 பாகை ஏற்ற வேண்டும். 160ஐ 25ஆல் பெருக்கினால் 4000. அதை 860ஆல் வகுத்தால் நாளுக்கு 4.6 யூனிட், மாதத்துக்கு 140 யூனிட் அளவில் வருகிறது. குளிப்புக்கு மட்டும்! யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுகிற நம் பில் முறையில், இந்த 140 உங்களைத் தூக்கி மேல் படியில் வைத்துவிடும்.

இனிக் கூரைக்கு ஏறுவோம். வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்க, இரண்டு சதுர மீற்றர் அளவுள்ள ஒரு தட்டு. மாசி மாதத்துத் தெளிந்த நாளில் சதுர மீற்றருக்கு 5 யூனிட் அளவு வெயில் விழுகிறது என்று கொள்வோம். அதில் பாதி தண்ணீருக்குள் போனாலும் 5 யூனிட் கிடைக்கும். நான்கு பேரும் கீசரைத் தொடாமல் குளிக்கலாம். மகன் சொன்னது சரி.

ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தைக் கொண்டுவந்து உங்கள் மலையில் அடுக்கி வைக்கும் காலத்தில், சதுர மீற்றருக்கு 2 யூனிட் விழுந்தால் பெரிது. அந்த மங்கல் வெளிச்சத்தில் நாற்பது வீதம்தான் சூடாக மாறும் என்று பிடித்தால் 1.6 யூனிட். 160 லீற்றர் தண்ணீர் அதில் எட்டரைப் பாகை ஏறும். 15இல் இருந்து 23 அல்லது 24. அதில் குளித்தால் பல் கிட்டும். வீட்டுக்காரர் சொன்னதும் சரி. ஆனால் அந்த எட்டரைப் பாகை வீணாகவில்லை. மிச்சம் பதினாறரைப் பாகையைத்தான் கரண்ட் ஏற்ற வேண்டும். மோசமான நாளிலும் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் மிச்சமாகும்.

(இதில் ஒரு வேடிக்கை. அதே ஆடியில் ஹக்கலையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கினால் கச்சான் காற்றும் வெயிலும். ஒரு மணி நேரப் பயணம், வேறு நாடு மாதிரி. வெலிமடைக்காரர் சொல்லும் அனுபவத்தை நம்பி நுவரெலியாவில் தாங்கி வாங்காதீர்கள்.)

குழாயா, தட்டையா? கொழும்பில் கேட்டிருந்தால் தட்டை போதும் என்பேன். உங்களுக்குக் கண்ணாடிக் குழாய். அந்தக் குழாய் நம் தேநீர் பிளாஸ்க்தான். இரண்டு கண்ணாடிச் சுவர், நடுவில் காற்று இல்லை. உள்ளே போன சூடு வெளிக் குளிருக்குத் தப்பி ஓட முடியாது. தட்டை வகையில் மேலே ஒரு கண்ணாடிதான். வெளியே 14 பாகை, குளிர்காற்று, மேலே மப்பு என்றால், வெயில் கொடுக்கிற சூட்டைக் காற்று அந்தப் பக்கத்தால் வாங்கிக்கொண்டு போய்விடும். தை, மாசியில் உங்கள் ஊரில் புல்லின் மேல் உறைபனி விழுகிற இரவுகளும் உண்டு. மேகமில்லாத இரவில் தட்டை தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றையும் விடக் குளிர்ந்துபோகும். உள்ளே தண்ணீர் உறைந்தால் செப்புக் குழாய் வெடிக்கும். எந்த வகை வாங்கினாலும் கூரையில் ஓடுகிற வெளிக் குழாய்க்கு நல்ல தடித்த உறை போடச் சொல்லுங்கள். பாஸ்மார் வழக்கமாகக் கைவிடுகிற இடம் அதுதான்.

இப்போது முக்கியமான விஷயம். இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். நானுஓயாப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் பல வருடத்துக்கு முன் நானே ஒரு தாங்கி பொருத்தினேன். மூன்று மாதம் கழித்து உரிமையாளர் போன் எடுத்து, "அண்ணை, பில் ஐந்து சதமும் குறையவில்லை" என்றார். போய்ப் பார்த்தேன். தாங்கிக்குள் மப்பு நாளுக்கென்று ஒரு ஹீட்டர் கம்பி இருக்கும். அதன் சுவிட்சை இரவும் பகலும் போட்டபடியே விட்டிருக்கிறார்கள். விருந்தினர் இரவில் குளிக்க, கம்பி இரவோடு இரவாக முழுத் தாங்கியையும் 60 பாகைக்கு ஏற்றிவிடுகிறது. காலையில் சூரியன் வரும்போது தாங்கியில் அதற்கு வேலையே இல்லை. பிழை அவருடையது இல்லை. சொல்லிக் கொடுக்காமல் வந்தது நான்தான்.

ஆகவே ஒரு டைமர் வாங்குங்கள். உங்கள் ஊரில் பெரும்பாலும் காலை தெளிவு, பிற்பகல் மூடுபனி. அன்றைய வெயிலில் சேரக்கூடியது நாலு மணிக்குள் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு, குறைந்த சூட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கம்பி ஓடட்டும். முடிந்தால் குளிப்பை மாலைக்கு மாற்றுங்கள். ஆசிரியைக்கு விடியற்காலைக் குளிப்பு பழகிப்போயிருக்கும், தெரியும். அப்படியென்றால் டைமரை விடிய நாலரைக்கு வையுங்கள், முன்னிரவில் வேண்டாம். வாரத்தில் ஒரு தடவையாவது தாங்கி முழுவதும் 60 பாகைக்குப் போக விடுங்கள். வெதுவெதுப்பாகவே பல நாள் கிடக்கிற தண்ணீரில் நுரையீரலுக்கு ஆகாத கிருமி வளரும்.

இன்னொரு வழியும் உண்டு, மகனிடம் சொல்லுங்கள். தண்ணீர் சூடாக்கும் தட்டுக்கு ஒரு வாசற்படி இருக்கிறது. தாங்கித் தண்ணீரை விடத் தட்டு சூடாகாவிட்டால் அன்றைய வரவு பூச்சியம். கரண்ட் தரும் பனலுக்கு அந்தப் படி கிடையாது. வெளிச்சம் பத்து வீதம் என்றால் கரண்டும் ஏறத்தாழப் பத்து வீதம் வரும். பனலும், அதனோடு ஹீட் பம்ப் தாங்கியும் (குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் போட்டது மாதிரி, வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளும்) வைத்தால், அந்த 4.6 யூனிட் வேலை உங்கள் குளிரிலும் இரண்டு யூனிட் அளவில் முடிந்துவிடும். முதலில் போடுகிற காசு கூட. ஆனால் நீங்கள் குளிக்காத நேரம் அதே பனல் வீட்டுக்கு லைட் எரிக்கும். மூடுபனி ஊரில் எனக்கு வீடு இருந்தால் இதைத்தான் செய்வேன்.

கேள்வி: 5 கிலோவாட் போட்டால் மாதம் 750 யூனிட் நிச்சயம் என்று விற்க வந்த தம்பி எழுதியே தருகிறார். நம்பலாமா? கூரை கிழக்கு – மேற்காகச் சரிந்தது. "தெற்குப் பார்க்காததால் சரிவராது" என்று இன்னொருவர் சொல்கிறார். — வாசகர், தெஹிவளை

பதில்: எழுதித் தருகிறவரிடம், எழுத்தின்படி வராவிட்டால் என்ன தருவீர்கள் என்றும் எழுதி வாங்குங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கொழும்புப் பக்கத்தில் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 110 முதல் 120 யூனிட் என்பது வருடச் சராசரி. 5 கிலோவாட்டுக்கு 575ஐச் சுற்றி வரும். அதுவும் எல்லா மாதமும் ஒரே மாதிரி இல்லை. என் கொப்பியில் 3 கிலோவாட்டுக்கு 2020 பங்குனியில் 394 யூனிட், அதே வருடம் கார்த்திகையில் 288. நாள் கணக்கில் பார்த்தால் இன்னும் பெரிய ஏற்ற இறக்கம். நல்ல நாளில் 15 யூனிட் தொட்டிருக்கிறது. வைகாசியில் ஒரு நாள், காலி வீதியில் முழங்கால் அளவு வெள்ளம், அன்றைக்கு 2.1. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "பூச்சியம் இல்லை!" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பனலின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் எண், சதுர மீற்றருக்கு 1000 வாட் வெளிச்சமும் பனலின் உடம்பு 25 பாகையும் இருந்தால் கிடைப்பது. இரண்டும் ஒன்றாகக் கொழும்பில் அமைவது அபூர்வம். மெல்லிய வெண்மேகம் என்றால் பாதியளவு வரும். கறுத்த மழைமேகம் என்றால் பத்தில் ஒன்று, இரண்டு. சுட்டெரிக்கிற பங்குனி மத்தியானத்தில் பனல் 60 பாகைக்குப் போகும். 25க்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 வீதம் வரை குறையும் என்பதால், பத்து வீதத்துக்கு மேல் சூடே தின்றுவிடும். என் இன்வேர்ட்டரில் மிகப் பெரிய எண் விழுந்ததெல்லாம் மழை பெய்து ஓய்ந்து, மேகம் கிழிந்து, நடுவில் வெயில் பளீரென்று இறங்கிய நிமிடங்களில்தான். பனல் குளிர்ந்திருக்கும். நேர் வெயிலோடு, பக்கத்து வெண்மேகம் தெறிக்கிற வெளிச்சமும் சேர்ந்து விழும். ஐந்து நிமிடத்தில் அடுத்த மேகம் வந்து மூடிவிடும், அது வேறு கதை.

தெற்குக் கதை ஐரோப்பாவில் அச்சடித்த புத்தகத்தில் இருந்து வந்தது. கொழும்பு ஏழாம் பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அங்கிருந்து புரட்டாதி முதல் வாரம் வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே தெற்கு, வடக்கு என்று அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் கூரையில் நான் கிழக்குச் சரிவுக்குத்தான் கூடுதல் பனல் வைப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் காலை தெளிவாக இருந்துவிட்டு, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு இடியோடு கொட்டுவது நம் ஊர்ப் பழக்கம். காலை வெயிலைப் பிடிக்கிறவன் கெட்டிக்காரன். அந்த இடிக்காக மின்னல் தடுப்பும் நல்ல எர்த்தும் கேட்டு வாங்குங்கள். விலையைக் குறைத்துக் காட்ட முதலில் வெட்டுவது அதைத்தான்.

மேகத்தை விட நிழலுக்குப் பயப்படுங்கள். மேகம் எல்லாப் பனலையும் சமமாக மங்கலாக்கும். தென்னோலை நிழல் ஒன்று ஒரு பனலின் மூலையில் விழுந்தால் அந்தப் பனலின் மூன்றில் ஒரு பங்கு வேலையை விட்டுவிடும். சங்கிலியில் மாட்டிய மற்றப் பனல்களையும் அது இழுக்கும். என் வீட்டுக்கு மேற்கே 2021இல் ஆறு மாடி பிளாட் எழும்பியது. அன்றிலிருந்து மூன்று மணிக்குப் பிறகு என் கூரையில் வெயில் இல்லை. எல்லா மாதக் கணக்கும் பத்து வீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது. மேலே சொன்ன 394 இப்போது கனவுதான். பக்கத்துக் காணி வெறுமையாக இருந்தால், அங்கே நாளை என்ன எழும்பும் என்றும் யோசித்துப் போடுங்கள்.

கேள்வி: மூன்று லட்சம், நாலு லட்சம் என்று கடன் பட்டுச் சோலர் போட்டோம். ஆனால் கரண்ட் போனால் எங்கள் வீடும் இருட்டுத்தான். பட்டப்பகலில்கூட! இது என்ன நியாயம்? பற்றரி வைத்தால் மழைக்காலத்தில் தாக்குப்பிடிக்குமா? — வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: 2022 பங்குனி 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு வந்ததே, அன்றைக்குக் கூரையில் பனல் வைத்த நாங்களெல்லாம் பனையோலை விசிறியோடு வாசலில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது இன்னும் மறக்கவில்லை.

நியாயம் இதுதான் தங்கச்சி. உங்கள் இன்வேர்ட்டர் தெருவில் வரும் கரண்டின் தாளத்தைக் கேட்டு, அதற்கு ஏற்ப ஓடுகிற வகை. தெருவில் தாளம் நின்றால் அதுவும் ஓரிரு நொடியில் நிற்க வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற மின்சார சபைப் பையனை உங்கள் கூரைக் கரண்ட் அடித்துக் கொல்லும். அதை எப்படியாவது தாண்டி ஓட வைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இருட்டில் லைட் வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் (தெருக் கரண்ட் இல்லாதபோதும் பற்றரியோடு ஓடக்கூடியது) பற்றரியும் வேண்டும். எது எது பற்றரியில் ஓட வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பிரிட்ஜ் இரவுக்கு முக்கால் யூனிட், மூன்று பேன் ஒன்றரை, எல்ஈடி லைட், இன்டர்நெட் பெட்டி எல்லாம் சேர்த்து அரை. மூன்று யூனிட்டுக்குள் அடங்கும். 5 யூனிட் லித்தியம் பற்றரி ஒன்று அந்த இரவைத் தாராளமாகக் கடத்திவிடும். அயன், கீசர், கேத்தல், ரைஸ் குக்கர் ஆகிய நான்கையும் பற்றரி லைனில் இருந்து பிரித்துவிடுங்கள். சூடு உண்டாக்குகிற எதுவும் பற்றரிக்கு எமன்.

மழைக்காலம்? அடைமழை நாளில் 3 கிலோவாட் பனல் 2 யூனிட் கொடுக்கும் என்று மேலே சொன்னேனே, அதில் பகல் பாவனை போகப் பற்றரிக்கு எதுவும் மிஞ்சாது. இரண்டாம் இரவு அது வெறும் பெட்டி. தொடர்ந்து நாலு நாள் மழையைப் பற்றரியால் கடக்க நினைத்தால் வீட்டை விற்க வேண்டும். தெருக் கரண்ட் இருக்கும்போது அதிலேயே நிரப்பிக்கொள்ளும்படி செட் பண்ணச் சொல்லுங்கள், போதும்.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் எதிர்மாறாக ஒரு வேடிக்கை நடந்தது. தொழிற்சாலை எல்லாம் மூடி, பாவனை விழுந்துபோனதால், பகலில் கூரைச் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. நானும் நிறுத்தினேன். கொப்பியில் அந்த நாட்களுக்கு எதிரே கோடு போட்டிருக்கிறது. பகலில் மிஞ்சுவதைத் தெருவுக்குத் தள்ளாமல் வீட்டிலேயே சேமிக்கிறவர்களுக்கு இனிக் காலம் நல்லது என்று அன்றைக்கு நினைத்தேன்.

கேள்வி: கூரைச் சோலரில் இருந்து தெருவுக்கு விற்கிற கரண்டுக்கு ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய் வந்தது. இப்போது 15.50தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா? — வாசகர், வத்தளை

பதில்: இல்லை. 2016இல் அரசாங்கம் தொடங்கிய சூரிய பல சங்கிராம என்ற கூரைச் சோலர் திட்டத்தின் ஒப்பந்தம் அப்படித்தான்: முதல் ஏழு வருடம் 22, மிச்சப் பதின்மூன்று வருடம் 15.50. உங்கள் தாளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். புதிதாகச் சேருபவர்களுக்கு விலை பல தடவை மாறிவிட்டது. பழைய ஆட்களின் கதையை வைத்துக் கணக்குப் போடாமல், கையெழுத்துப் போடுகிற நாளின் விலையைக் கேளுங்கள்.

கேள்வி: மகள் லண்டனில் வீடு வாங்கியிருக்கிறாள். கூரையில் கரண்டுக்கும் சுடுதண்ணிக்கும் சோலர் போடலாமா என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? அங்கே சூரியனையே காண முடியாதாமே! — வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: அம்மா, மேகத்துக்குப் பேர்போன ஜேர்மனியில் ஊருக்கு ஊர் கூரையெல்லாம் பனல். அங்கே ஒரு கிலோவாட் வருடத்துக்கு 1000 யூனிட் அளவில் கொடுக்கும். லண்டனில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. நமக்கு 1350க்கு மேல். மகள் 4 கிலோவாட் போட்டால் வருடத்துக்கு 3500 யூனிட் எதிர்பார்க்கலாம். பிரச்சினை மொத்தத்தில் இல்லை, பங்கீட்டில்தான். ஜூன் மாதம் 450 யூனிட் வந்தால் டிசம்பரில் 90 வரும். அங்கே மார்கழி மத்தியானத்தில் சூரியன் அடிவானத்தில் இருந்து 15 பாகைதான் எழும்பும். எட்டு மணிக்கு விடிந்து நாலு மணிக்கு இருட்டிவிடும். வீட்டைச் சூடாக்க மிகக் கூடுதலான சக்தி தேவைப்படுவதும் அதே மாதத்தில்தான். ஆகவே குளிர்காலத்துக்குச் சோலரை நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். கோடையில் பில்லைக் குறைக்கத்தான் அது. தெற்கு நோக்கிய சரிவு அங்கே உண்மையாகவே முக்கியம். நான் மேலே தெஹிவளைக்காரருக்குச் சொன்னதை மகளுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

சுடுதண்ணித் தட்டு போட்டால் வருடத் தேவையில் பாதியளவு கிடைக்கும். கோடையில் ஏறத்தாழ எல்லாம், மார்கழியில் பெயருக்கு. ஆனால் முதலில் ஒரு கேள்வி: அந்த வீட்டில் சுடுதண்ணித் தாங்கி இருக்கிறதா? இப்போது அங்கே பல வீடுகளில் தாங்கியே இல்லை. குழாயைத் திறக்கும்போது காஸ் பொயிலர் நேரே சூடாக்கித் தரும். தாங்கி இல்லாத வீட்டில் வெயிலைச் சேர்த்து வைக்க இடமில்லை. புதுத் தாங்கி வைக்க ஓர் அலுமாரி அளவு இடம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே தாங்கி இருந்தால் எனக்குப் பிடித்த வழி இது: கூரையில் கரண்ட் பனல் மட்டும். பகலில் மிஞ்சுகிற கரண்டைத் தானாகத் தாங்கியின் ஹீட்டர் கம்பிக்குத் திருப்புகிற சிறு பெட்டி ஒன்று அங்கே விற்கிறது. கூரையில் தண்ணீர்க் குழாய் இல்லை, உறையும் பயம் இல்லை. வெளியே விற்கிற யூனிட்டுக்கு 2020 முதல் அங்கத்தைய மின் கம்பனிகள் காசு கொடுக்கின்றன. கம்பனிக்குக் கம்பனி விலை வேறு. விற்பது இலாபமா, தண்ணீரைச் சூடாக்குவது இலாபமா என்பதை மகள் தன் பில்லை வைத்துப் பார்க்கட்டும்.

கேள்வி: அஸ்பெஸ்டஸ் கூரை வீடு. 200 லீற்றர் சூரிய சுடுதண்ணித் தாங்கி மலிவாக வருகிறது. வாங்கட்டுமா? — வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: வேண்டாம், இரண்டு காரணம். ஒன்று, 200 லீற்றர் தண்ணீர் 200 கிலோ. அதோடு தாங்கியும் இரும்புச் சட்டமும். அஸ்பெஸ்டஸ் தகடு பூனை ஓடினாலே சத்தம் போடும். துளை போட்டால் பறக்கிற தூள் நுரையீரலுக்கு விஷம். பத்து இருபது வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சட்டமும் தகடும் மாற்றிய பிறகு கூரையைப் பற்றிப் பேசலாம்.

இரண்டு, கொழும்பில் உங்களுக்கு அவ்வளவு சுடுதண்ணீர் எதற்கு? இங்கே குழாய்த் தண்ணீரே 28 பாகை. குளிக்க 38 போதும். நுவரெலியா ரீச்சருக்குப் போட்ட கணக்கையே போடுங்கள்: 160 லீற்றர், 10 பாகை, 1.9 யூனிட்டுக்கும் குறைவு. நாலு பேருக்கு! அதுவும் மழை நாளில் மட்டும் சுடுதண்ணீர் தேடுகிற வீடு என்றால் மாதத்துக்கு இருபது யூனிட் தாண்டாது. வெயில் நாளில் தாங்கி கொதிக்கும், ஆனால் அன்றைக்கு எல்லோரும் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பீர்கள். மழை நாளில் எல்லோரும் சுடுதண்ணீர் கேட்பீர்கள், அன்றைக்குத் தாங்கி வெதுவெதுப்பு. வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ இருந்தால் சின்ன ஷவர் ஹீட்டர் ஒன்று போடுங்கள், நல்ல எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம்.

கேள்வி: பிளாட்டில் நான்காம் மாடி. கூரை எங்களுக்குச் சொந்தமில்லை. பல்கனியில் இரண்டு பனல் வைக்கலாமா? — வாசகி, வெள்ளவத்தை

பதில்: கூரை எல்லோருக்கும் பொது என்றால் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். லிப்ட், தண்ணீர் மோட்டர், படிக்கட்டு லைட் ஆகியவற்றின் பில் மாதாமாதம் எல்லோர் தலையிலும் விழுகிறதே, அதற்குக் கூரைப் பனல் மிகவும் பொருந்தும். மோட்டரைப் பகலில் ஓட விட்டால் போதும். பல்கனியில் வேண்டாம். மேலே அடுத்த பல்கனியின் நிழல், கீழே காலி வீதி, நடுவில் கடற்காற்று.

கேள்வி: பனல் முழுக்கக் காக எச்சம். மழை கழுவிவிடும் என்கிறார் பொருத்தியவர். கழுவுமா? — மேலே எழுதிய அதே வாசகர், தெஹிவளை (அயலவரின் கூரையைப் பார்த்தாராம்)

பதில்: தூசியை மழை கழுவும். அதற்குத்தான் பத்துப் பாகையாவது சரிவு கேட்பது. காக எச்சத்தைக் கழுவாது, காய்ந்தால் சீமெந்து. மாதம் ஒரு தடவை, விடியற்காலையில், பனல் குளிர்ந்திருக்கும்போது, வெறும் தண்ணீரும் மெல்லிய துணி கட்டிய நீளத் தடியும். மத்தியானச் சூட்டில் குளிர்தண்ணீர் அடித்தால் கண்ணாடி விரியலாம். கூரையில் ஏற வேண்டாம், ஏணியில் நின்று எட்டுகிற வரை போதும். என் வீட்டில் காகத்துக்குச் சோறு வைக்கிற இடத்தைக் கூரையில் இருந்து பின் மதிலுக்கு மாற்றினோம். எச்சம் பாதியாகக் குறைந்தது. மிச்சம் பாதி பக்கத்து பிளாட்டின் அன்டனாவில் இருந்து வருகிறது.